முலுண்ட் மாமியின் விலாசம்

மகளே ஜமீலா,

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். நம் சந்துக்கு இரண்டாவது தண்ணீர்க் குழாய் வருவதற்கு முன்னால் கம்ப்யூட்டர் வந்துவிடும் என்று மாஹிம் இரானி ஓட்டலில், நாலு மேஜைக்குக் கேட்கும்படி சொன்னவன் உன் வாப்பா. சிரித்தார்கள். இன்றைக்கும் நம் சந்தில் குழாய் ஒன்றுதான். ஆனால் கம்ப்யூட்டர் படித்த பெண் ஒருத்தி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறாள். அன்று சிரித்தவர்களில் இரண்டு பேர் நேற்று வீட்டுக்கு வந்து உனக்கு துஆ செய்துவிட்டு, பிரியாணியை இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். நான் பெருந்தன்மையாக எதையும் நினைவுபடுத்தவில்லை. மூன்று தடவை நினைவுபடுத்தினேன் என்று உன் உம்மா சொல்வாள். எண்ணிக்கை விஷயத்தில் அவள் எப்போதும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாள்.

இந்தக் கடிதத்தைச் சாப்பாட்டுப் பைக்குள், தக்காளி சாதத்துக்கு அடியில் வைத்திருக்கிறேன். கல்யாண் ஸ்டேஷன் தாண்டிய பிறகுதான் பிரிக்க வேண்டும் என்று உன்னிடம் சத்தியம் வாங்கப் போகிறேன். காரணம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன். நீ ஏழாம் வகுப்புவரைதான் தமிழ்ப் பள்ளிக்கூடம். அதனால் தமிழை எழுத்து எழுத்தாகத் தடவித் தடவித்தான் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். அது நல்லதுதான். கல்யாணில் தொடங்கினால் சோலாப்பூர்வரை உனக்குத் துணைக்கு ஆள் இருக்கும். நானும் ஐந்தாவதுக்கு மேல் படிக்காதவன், இவ்வளவு நீளமாக எழுதுகிறேன் என்றால் அதற்கு இன்று வெள்ளிக்கிழமை, தோல் பட்டறை லீவு என்பது மட்டும் காரணம் இல்லை.

நேற்று பெட்டி கட்டும்போது நீ ஒன்று கேட்டாய். "வாப்பா, அந்த முலுண்ட் மாமி விலாசத்தை எழுதித் தாங்க. முதல் சம்பளத்துல அவங்களுக்கு ஒரு சேலை அனுப்பணும். அவங்க இல்லாட்டா நான் இந்தப் பெட்டியவே கட்டியிருக்க மாட்டேன்" என்றாய். உம்மா என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். "லெட்டர்ல எழுதித் தாரேன் மவளே" என்றேன். அந்த லெட்டர்தான் இது. விலாசம் கடைசியில் வரும். கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டாதே. அதற்கு முன்னால் நடந்ததை முதலிலிருந்து, கடைசித் தடவையாக, முழுசாக ஒருமுறை சொல்லிவிடுகிறேன்.

செம்பூரில் மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருந்த அந்த கம்ப்யூட்டர் வகுப்பில் உன்னைச் சேர்க்கப் போன நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி, வெளியே செருப்புகள். பள்ளிவாசலுக்கு அடுத்தபடியாக நான் செருப்பைக் கழற்றிவிட்டுப் பயபக்தியோடு நின்ற இடம் அதுதான். தூசி பட்டால் கம்ப்யூட்டருக்கு ஆகாதாம். தாராவிக்காரனிடம் போய்த் தூசியைப் பற்றிச் சொல்கிறார்கள். வகுப்பு நடத்துகிற குல்கர்னி சார் உன்னிடம் நாலு கேள்வி கேட்டார். நான் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "கீபோர்டில் எழுத்துகளை ஏன் வரிசை தப்பிப் போட்டிருக்கிறீர்கள்? அடுக்கும்போது கீழே கொட்டிவிட்டதா?" டைப்ரைட்டரிலிருந்தே அப்படித்தான் என்றார். இது ஒரு பதிலா? அதனால் சந்தில் வந்து, எதிரி நாட்டுக்காரனுக்குப் புரியக்கூடாது என்று ரகசியமாக அப்படிச் செய்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டேன். எல்லோருக்கும் உடனே புரிந்தது.

நீ தினமும் வந்து சொல்லிக்கொடுத்ததை நான் மறுநாள் என் சரக்காகச் சந்தில் விற்றேன் என்பது உண்மைதான். மானிட்டர் என்பது டிவி மாதிரி, ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில்கூட அதில் ஒன்றும் காட்டமாட்டார்கள் என்றேன். கர்சர் என்பது திரையில் பச்சையாக விட்டுவிட்டு எரிகிற ஒரு சின்னக் கோடு, காலிக் குடத்தோடு குழாயடியில் நிற்கிற ஆள் மாதிரி, "அடுத்தது என்ன, அடுத்தது என்ன" என்று கேட்டுக்கொண்டே நிற்கும் என்றேன். மெமரியைப் பற்றி நீ சொன்னதுதான் எனக்கு அதிசயமாக இருந்தது. அது எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருக்கும், கரண்ட் போனால் மட்டும் மொத்தமும் மறந்துவிடும் என்றாய். உன் உம்மாவின் மெமரி அப்படி இல்லை. நிக்காஹ் நடந்த அன்று என் தாயார் அவளிடம் சொன்ன ஒரு வார்த்தை இன்றுவரை அதில் அப்படியே இருக்கிறது, எத்தனை தடவை கரண்ட் போய் வந்தும்.

கரண்ட் போவதற்கு முன்னால் எழுதி வைத்துக்கொள்ளத்தான் ஃபிளாப்பி என்றாய். சதுரமான கறுப்பு உறை, நடுவில் ஓட்டை, அப்பளத்தைவிட லேசு. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க உன் முதல் ஃபிளாப்பியை நான் தோல் வெட்டும் கத்தியால் கிழித்துப் பார்த்ததற்கு இப்போது முறைப்படி மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். உள்ளே காபி நிறத்தில் வட்டமான ஒரு தாள்தான் இருந்தது. ஓர் எழுத்தும் இல்லை. நீ அழுதாய். "ஒண்ணுமே எழுதலையேம்மா, உன்ன ஏமாத்திட்டானுவ" என்று நான் ஆறுதல் சொன்னேன்.

அப்புறம் வந்தது உன் ப்ரோக்ராம். படிப்பு முடியும்போது ஒவ்வொருவரும் சொந்தமாக ஒரு ப்ரோக்ராம் எழுத வேண்டும், பெங்களூர் கம்பெனியிலிருந்து ஓர் அதிகாரி வந்து எல்லாவற்றையும் ஓட்டிப் பார்ப்பார், பிடித்திருந்தால் ஒரே ஓர் ஆளுக்கு வேலை என்று குல்கர்னி சார் சொல்லியிருந்தார். மற்ற பிள்ளைகள் எதையெதையோ எழுதினார்கள். நீ நம் சந்துக் குழாயை எழுதினாய். இருபத்திரண்டு வீடு, ஒரு குழாய், காலையில் இரண்டு மணி நேரத் தண்ணீர். யாருக்கு என்றைக்கு முதல் முறை, பிள்ளை பெற்ற வீட்டுக்கு எத்தனை குடம் கூட, கல்யாண வீட்டுக்கு எத்தனை நாள் சலுகை. இந்த யோசனையை நான்தான் கொடுத்தேன் என்று ஊரில் சொல்லியிருக்கிறேன். கொடுத்தது இசக்கியம்மா. ஆறாம் நம்பர் வீட்டு இசக்கியம்மா ஒருநாள் காலையில் குடத்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு போட்ட சத்தத்தில்தான் உனக்கு அது தோன்றியது என்று எனக்குத் தெரியும்.

முதல் பட்டியலை நீ பிரிண்டரில் அடித்துக் கொண்டுவந்தாய். இரண்டு ஓரமும் வரிசையாக ஓட்டை போட்ட நீளத்தாள். குழாய்க்கு மேல் சுவரில் நான்தான் ஒட்டினேன். இசக்கியம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு அதைப் பார்த்தாள்.

"ஏளா ஜமீலா, மிசினு சொல்லிச்சின்னா நான் கொடத்த எடுத்துட்டு வெலகணுமாக்கும்? அந்த மிசினு வந்து எனக்குத் தண்ணி சொமக்குமா?"

"மெசின் யாருக்கும் சொந்தக்காரன் கெடையாது இசக்கியம்மா. அது நியாயமாத்தான் சொல்லும்" என்றேன் நான்.

"நியாயமா? ஒம்பதாம் நம்பரு பூட்டிக் கெடக்கு. அவ ஊருக்குப் போயி எட்டு நாளாச்சி. இன்னைக்கு மொத மொறை அவளுக்காம். பூட்டுக்கா தண்ணி புடிச்சி ஊத்தச் சொல்லுதிய மாமா?"

சந்தே சிரித்தது. நீ மட்டும் சிரிக்கவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாய். ஊருக்குப் போனவர்களின் முறையை யாருக்குத் தள்ளுவது, திரும்பி வந்தால் எந்த இடத்தில் சேர்ப்பது, திடீரென்று பாதி வாரத்தில் வந்தால் என்ன செய்வது என்று மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டாய். மே மாதத்தில் பாதிச் சந்து திருநெல்வேலியில் இருக்கும், லேசான கணக்கா அது? கடைசியில் அது மட்டும் ஒரு முழுப் பக்கம் வந்தது. பதினொரு பக்க ப்ரோக்ராமில் அதுதான் ஏழாம் பக்கம்.

உன் வரிகளுக்கு நம்பர் போட்டிருந்தாய். பத்து, இருபது, முப்பது என்று. "ஏம்மா, நடுவுல ஒம்பது நம்பர வீணாக்குதே?" என்று கேட்டேன். "பின்னால ஏதாவது சேர்க்கணும்னா எடம் வேணும்லா வாப்பா" என்றாய். மகளே, இதை நீ கம்ப்யூட்டரில் படித்தாய். நான் இருபது வருஷமாகத் தோலில் இதைத்தான் செய்கிறேன். தையலுக்கு அந்தப் பக்கம் அரை விரல் விட்டுத்தான் வெட்டுவேன். ஒட்ட வெட்டினவன் பை முதல் மழையிலேயே வாயைப் பிளக்கும். பெங்களூரில் புது ஆட்களோடு பழகும்போதும் பத்துப் பத்தாகவே போ. முதல் நாளே எல்லா நம்பரையும் நிரப்பிவிடாதே. யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் உடனே பதில் போடாமல் ஒன்பது இடம் விட்டுவை. பின்னால் நல்லதாக ஏதாவது சேர்க்கலாம்.

இனி என் குற்றங்கள். இரண்டு.

முதலாவது தாள். கைப்பை தைத்து முடித்ததும் உள்ளே காகிதம் திணிக்காவிட்டால் அது கடையில் நிற்காது, சோர்ந்து படுத்துவிடும். அடியில் பழைய செய்தித்தாள், மேலே நீ வேண்டாம் என்று கொடுத்த கம்ப்யூட்டர் தாள் ஒன்று. பையைத் திறக்கிற பெண்பிள்ளைக்கு வெள்ளையாக, ஓட்டை ஓட்டையாக, வெளிநாட்டுச் சரக்கு மாதிரி தெரியும். என் பைகளை வாங்கி விற்கிற மாட்டுங்கா கடை சேட் அந்தத் தாளுக்காகவே என் பைகளை முன்வரிசையில் வைத்தார். நீ கொடுத்த பழைய தாள் தீர்ந்துபோனது. அலமாரி மேல் ஒரு புதுக் கட்டு இருந்தது. அது உன் முழு ப்ரோக்ராமும் கடைசியாக அடித்துவைத்த பிரதி என்று எனக்கு எப்படித் தெரியும்? பதினொரு தாள், பதினொரு பை. கச்சிதமாக இருந்ததால் சந்தோஷம்கூடப் பட்டேன்.

இரண்டாவது பட்டன். அப்போதுதான் காந்தப் பட்டன் வந்திருந்தது. கொக்கி வேண்டாம், ஜிப் வேண்டாம். பக்கத்தில் கொண்டுபோனால் 'டக்' என்று தானே போய் ஒட்டிக்கொள்ளும். தாராவியில் அதை முதலில் வைத்துத் தைத்தவன் நான். (இரண்டாவதாக என்று பக்கத்துப் பட்டறைக் காதர் சொல்வான்.) பரீட்சைக்கு முந்தின நாள் உனக்கு ஒரு பரிசு தைத்தேன். மெரூன் கலர் ஆட்டுத்தோல், உள்ளே பட்டுத்துணி, இரண்டு ஃபிளாப்பிக்கு இரண்டு அறை. ஒன்று அசல், மற்றது நகல். குல்கர்னி சார் எப்போதும் இரண்டு வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார் இல்லையா, இரண்டையும் ஒன்றாக, பத்திரமாக வைக்க. மேல் மடிப்பில் என்னிடம் இருந்ததிலேயே பெரிய காந்தப் பட்டன். நீ அதைத் திறந்து மூடி, திறந்து மூடி, முப்பது தடவை 'டக்' செய்து பார்த்தாய். ஒவ்வொரு 'டக்'குக்கும் எனக்கு உடம்பு ஒரு சுற்றுப் பெருத்தது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நானும் உன்கூட வந்தேன். வெளுத்த சட்டை, அத்தர். சாயங்காலம் நாலு மணிக்குத்தான் பெங்களூர்க்காரர் வருவார், அதற்கு முன் ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம் என்று நீ உள்ளே போனாய். நான் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். முதல் ஃபிளாப்பியைப் போட்டாய். பெட்டி 'கர்ர் கர்ர்' என்று முனகியது. எடுத்துவிட்டு இரண்டாவதைப் போட்டாய். அதே முனகல். உன் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. ஆனால் முதுகிலேயே தெரிந்துவிட்டது.

குல்கர்னி சார் வந்து பார்த்தார். அப்புறம் அந்த உறையைக் கையில் எடுத்தார். திறந்தார். மூடினார். 'டக்'. மேஜையிலிருந்து ஒரு குண்டூசியை எடுத்து அந்தப் பட்டனுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். ஊசி துள்ளிப் போய் ஒட்டிக்கொண்டது. உன்னை ஏதோ கேட்டார். நீ என் பக்கம் கையைக் காட்டினாய். அவர் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, ஹிந்தியில், மெதுவாக, ஜனாஸா கிடத்தியிருக்கிற வீட்டில் பேசுகிற குரலில் விளக்கினார். ஃபிளாப்பியில் எழுதுவதே காந்தத்தால்தானாம். காந்தம் பட்டால் எழுதினதெல்லாம் அழிந்துபோகுமாம். கடைசியில், "ஆனால் தையல் ரொம்ப அழகு மாமா" என்றார். நல்ல மனுஷன். என் வாழ்க்கையில் ஒரு பாராட்டு என்னை அப்படிக் கொன்றதில்லை.

நீ அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "வீட்டுல அலமாரி மேல முழுசும் பிரிண்ட் இருக்கு வாப்பா. எடுத்துட்டு வாங்க. நாலு மணிக்குள்ள திரும்ப அடிச்சிருவேன்" என்றாய்.

நான் அந்த மாடிப்படியில் நின்றுகொண்டு அலமாரியை நினைத்தேன். அப்புறம் பைகளை நினைத்தேன்.

"மவளே, அது இப்போ மாட்டுங்காவுல இருக்கு" என்றேன்.

செம்பூரிலிருந்து மாட்டுங்காவுக்கு டாக்ஸியில் போனேன். சேட் கடையில் நல்ல கூட்டம். நான் முன்வரிசைப் பைகளை ஒவ்வொன்றாகத் திறந்து உள்ளே இருப்பதை உருவி வெளியே போட்டேன். பெண்கள் ஒதுங்கி நின்றார்கள். சேட் கல்லாவிலிருந்து எழுந்து ஓடிவந்தார்.

"அரே மாமா! யே க்யா கர் ரஹே ஹோ? பாகல் ஹோ கயே க்யா?" என்ன செய்கிறாய், பைத்தியம் பிடித்துவிட்டதா என்கிறார்.

"சேட், பேட்டீ கா காகஜ் ஹை! பேட்டீ கா!" என் மகளுடைய காகிதம் என்று மட்டும்தான் எனக்குச் சொல்ல வந்தது.

சேட் முகம் மாறியது. என்னைத் தோளோடு அணைத்து ஓரமாக நகர்த்தி, காதோடு கேட்டார். "கோன் ஹை லட்கா?" பையன் யார் என்கிறார். நீ யாருக்கோ எழுதின காதல் கடிதம் பைக்குள் போய்விட்டது என்று அவராகவே முடிவு செய்துவிட்டார். இல்லை சேட், பரீட்சை, நாலு மணி என்று விளக்கியதும், அந்தக் கனத்த மனுஷன் வேட்டியை மடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். வாடிக்கைக்கார அம்மாக்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒருத்தி கசங்கின தாளை மடியில் வைத்துத் தேய்த்துத் தேய்த்து நீவிக் கொடுத்தாள். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, நம்பர் தெரியும். பத்திலிருந்து முந்நூறு, முந்நூற்றுப் பத்திலிருந்து அறுநூறு என்று தரையில் வரிசையாக அடுக்கினேன். ஆயிரத்து எண்ணூறுவரை வந்தது. அதற்கடுத்து இரண்டாயிரத்து நூற்றுப் பத்து. நடுவில் ஒரு தாள் இல்லை. பத்துப் பை இருந்தது, பதினொன்றாவது இல்லை. அது காலையில் கடை திறந்ததும் விற்றுப்போய்விட்டது.

இல்லாமல் போனது ஏழாம் பக்கம்.

இனிமேல் நடந்தது சந்துக்கே மனப்பாடம். பத்துத் தாளை உன்னிடம் கொடுத்துவிட்டு, "ஏழாவது எங்க வாப்பா?" என்று நீ கேட்டபோது, "ஒரு பாலக்காட்டு மாமி வாங்கிட்டுப் போயிட்டாவ. முலுண்டு. சேட்டுகிட்ட விலாசம் இருக்கு. நீ அடிக்க ஆரம்பி, நீ முடிக்கறதுக்குள்ள கொண்டுவந்துருதேன்" என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். குர்லாவில் வண்டி மாறி முலுண்டில் இறங்கினேன். மூன்றாம் மாடி, வாசலில் கோலம். கதவைத் தட்டினால் ஒரு நாய் குரைக்கிறது. மாமி மூக்கின் இரண்டு பக்கமும் வைர மூக்குத்தி போட்டுக்கொண்டு வந்து, "யாரு, என்ன வேணும்?" என்றாள். நான் சொல்லச் சொல்ல அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "குழந்தை பரீட்சையா? ஐயையோ, அந்தப் பேப்பரை இப்பத்தானே சமையலறை அலமாரில விரிச்சேன்!" என்று ஓடி, மேலே இருந்த பருப்பு டப்பா, புளி டப்பா எல்லாவற்றையும் இறக்கித் தாளை உருவிக் கொடுத்தாள். காபி குடிக்காமல் விடவில்லை. இரண்டாவது வாரம் நான் சொன்னபோது காபியோடு உப்புமாவும் சேர்ந்தது. நாய் மூன்றாவது வாரம் வந்தது. "ஏங்க, போன தடவ சொன்னப்போ நாய் இல்லியே?" என்று உம்மா கேட்டாள். "அப்போ அது தூங்கிட்டு இருந்துச்சி" என்றேன்.

மூன்றேகால் மணிக்கு நான் கண்ணாடிக்கு வெளியே வந்து நின்று அந்தத் தாளை மடித்தபடி தூக்கிக் காட்டினேன். நீ மற்றப் பத்துப் பக்கமும் முடித்துவிட்டு, காத்திருக்க நேரம் இல்லாமல் ஏழாம் பக்கத்தை உன் நினைவிலிருந்தே அடித்துக்கொண்டிருந்தாய். என்னைப் பார்த்தாய். ஓட்டை போட்ட ஓரத்தைப் பார்த்தாய். 'இருங்க, மாட்டிக்கிட்டா வாங்கிக்கறேன்' என்று கையைக் காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டாய். அந்த நிமிஷத்திலிருந்து உன் தோள் இறங்கி, விரல் ஓடின வேகத்தை நான் பார்த்தேன். என் பட்டறையில் எந்த மெஷினும் அப்படி ஓடியதில்லை. நீ அந்தத் தாளை வாங்கவே இல்லை.

நாலு மணிக்குப் பெங்களூர்க்காரர் வந்தார். உன் முறை வந்தபோது என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள். நான் கைக்குட்டையால் பாதத்தைத் துடைத்துவிட்டுப் போனேன். அவர் பட்டியலைப் பார்த்துவிட்டுத் தமிழில், "இந்தக் குழாய் நிஜமா இருக்கா?" என்று என்னைக் கேட்டார். "குழாய் நிஜம்தான் சார். தண்ணிதான் சில நாள் நிஜமா இருக்காது" என்றேன். சிரித்தார். அப்புறம் இசக்கியம்மா மாதிரியே ஒரு கேள்வி போட்டார். "ஒன்பதாம் நம்பர் பூட்டியிருக்கு, ஊருக்குப் போயிட்டாங்க. வியாழக்கிழமை திடீர்னு திரும்பி வந்துட்டாங்க. இப்போ யாருக்கு?" ஏழாம் பக்கம். நீ தட்டினாய். பச்சைக் கோடு இரண்டு தடவை கண்ணை மூடித் திறந்தது. அப்புறம் பட்டியல் ஒழுங்காக, ஒரு குடம் பிசகாமல் வந்து நின்றது. வேலை உனக்கு என்று அவர் அப்போதே சொல்லவில்லை, ஆனால் எனக்குத் தெரிந்துவிட்டது. இதையும் நான் முன்கூட்டியே சொன்னேன், பஸ்ஸில் வரும்போது.

"அந்தத் தாள் வாசல்ல இருக்குன்னு தெரிஞ்சதாலதான் பயப்படாம அடிச்சேன் வாப்பா" என்று அன்றைக்கு நீ சொன்னாய். "நான் அப்பவே ஒப்பிட்டுப் பாத்தேன். நீ அடிச்சதும் மாமி குடுத்ததும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணு" என்றேன். இங்கிலீஷ் தெரியாதவன் எதை ஒப்பிட்டேன் என்று நீ கேட்கவில்லை. சந்தோஷத்தில் இருந்தாய்.

இப்போது நீ சோலாப்பூருக்குப் பக்கத்தில் வந்திருப்பாய். விலாசத்துக்கு வருகிறேன்.

சேட்டிடம் விலாசம் ஒன்றும் இல்லை. காலையில் ஒரு மதராஸி அம்மா வந்தாள், பையை வாங்கினாள், போனாள் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரிந்தது. மாட்டுங்காவில் போய் அந்த அடையாளத்தை வைத்துத் தேடினால் நாலாயிரம் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். இதை உன்னிடம் சொல்லத்தான் மாடி ஏறினேன். ஆனால் நீ ஏழாவது எங்கே என்று கேட்டபோது உன் முகத்தைப் பார்த்தேன். அது இல்லை என்று சொன்னால் முதல் பக்கத்தையே நீ அடிக்க மாட்டாய் என்று தோன்றியது. வாய் என் கையில் இல்லை, முலுண்டு என்று சொல்லிவிட்டது. அப்புறம் எங்கே போவது? எதிர்ச் சாரியில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். அங்கிருந்து உன் ஜன்னல் தெரியும், உனக்கு நான் தெரியமாட்டேன். ஐந்து டீ. என் காந்தப் பட்டனையும் என்னையும் திட்டிக்கொண்டே ஐந்து டீ. மூன்று மணிக்கு மேல் பொறுக்க முடியாமல் மாடி ஏறினேன். படியில் ஒரு குப்பைக்கூடை. அதில் அதே மாதிரி ஓட்டை போட்ட தாள் எவ்வளவோ கிடந்தது. ஒன்றை எடுத்து நாலாக மடித்தேன். மீதி நீ பார்த்தது.

அந்தத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். நாலு மாதமாகச் சுவர்க்கடிகாரத்துக்குப் பின்னால் இருந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியாது, யாரிடமும் காட்டிக் கேட்கவும் முடியவில்லை. நீ படித்து ஒரு வரி எழுது. நல்லதாக ஏதாவது இருந்தால் இங்கே சொல்லிக்கொள்வேன்.

ஆக, ஏழாம் பக்கத்தைக் கொடுத்தவளுக்குச் சேலை எடுத்துக் கொடுக்க வேண்டும் என்றால், பெங்களூரில் நீ தங்கப்போகிற ஹாஸ்டல் விலாசம்தான் அது. உனக்குப் பிடித்த நிறத்தில் எடு. மெரூன் வேண்டாம், அது அந்த உறையின் நிறம். ஃபிளாப்பியில் இரண்டு பிரதி எடுத்தால் ஒன்றை வேறு இடத்தில் வை, நான் தைத்த எதற்குள்ளும் வைக்காதே. உம்மாவிடம் உண்மையைச் சொல்லலாம், அவளுக்கு நாய் வந்த அன்றே தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். இசக்கியம்மாவிடம் மட்டும் சொல்லாதே. அவள் அந்த நாய்க்குப் பெயர்கூட வைத்துவிட்டாள்.

கல்யாண் தாண்டிய பிறகுதான் பிரிக்க வேண்டும் என்று ஏன் சத்தியம் வாங்கினேன் என்று இப்போது தெரிந்திருக்கும். உன் வண்டி முலுண்ட் வழியாகத்தான் போகும். நீ ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு மூன்றாம் மாடிகளையெல்லாம் தேடிக் கை காட்டியிருப்பாய். காட்டட்டும், ஒரு தடவை நிம்மதியாகக் காட்டட்டும் என்றுதான் விட்டேன். நான் இத்தனை வருஷத்தில் அந்த ஸ்டேஷனில் ஒரு தடவைகூட இறங்கியதில்லை, மகளே.

உன் வாப்பா